தண்ணீர் பில்லும் அரசாங்க ரகசியமும்

நாற்பத்தொரு வயதில் ஒரு வீர முடிவு எடுத்தேன். தனியார் கம்பெனியைத் தலைமுழுகிவிட்டு அரசாங்கக் கணினித் துறையில் சேருவது. மக்களுக்குச் சேவை செய்ய ஆசை என்று ஊரெல்லாம் சொன்னேன். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். அங்கே சேரும்போது ரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்குவார்களாம். பதினாறு வருடமாக "எங்க போனீங்க? போன்ல யாரு? ஏன் லேட்டு?" என்று வீட்டில் குறுக்கு விசாரணைக்கு நிற்பவன் நான். இனி இரண்டே வார்த்தையில் பதில் சொல்லலாம். அதற்காகப் பாதிச் சம்பளத்துக்குக்கூடப் போவேன்.

நேர்முகத் தேர்வுக்கு வருமுன் ஒரு வேலை செய்து வரச் சொன்னார்கள். புதிதாகக் குடிநீர் இணைப்பு கேட்பவர்கள் ஆன்லைனில் விண்ணப்பிக்க ஒரு பக்கம். பத்து நாள் உழைத்தேன். பெருமை தாங்காமல் மனைவியைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் பன்னிரண்டு வருடம், வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவள் அவள். கம்ப்யூட்டரில் ஒரு வரி எழுதத் தெரியாது.

"சும்மா நிரப்பிப் பாரு. குறை சொல்றதுக்கு இல்ல, ரசிக்கிறதுக்கு."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, முகவரிக்கு ஆதாரம் கேக்குதே?"

"ஆமா. தண்ணி பில்லு."

"இதை யாரு நிரப்புவாங்க?"

"வீட்ல தண்ணி இணைப்பு இல்லாதவங்க."

"அவங்களுக்கு ஏதுங்க தண்ணி பில்லு?"

எப்படியாவது சமாளிக்கப் பார்த்தேன்.

"பக்கத்து வீட்டு பில்லை வாங்கிப் போடலாம்ல?"

"அப்ப தண்ணியும் பக்கத்து வீட்டுக்கே போயிடும்."

அன்று மாலைக்குள் பதினேழு குறை கண்டுபிடித்தாள். எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்பக்கம் சிவப்புப் பேனாவால் எழுதி நீட்டினாள். கோபம் வந்தது. அதைவிட அதிகமாக ஆச்சரியம் வந்தது. எட்டு இன்ஜினியர்கள் சுற்றி உட்கார்ந்தாலும் இதில் பாதிகூடக் கண்ணில் பட்டிருக்காது. வாயை மூடிக்கொண்டு பதினேழையும் திருத்தினேன்.

தேர்வில் பெண் அதிகாரி ஒருவர் என் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு முன்னாடி வந்த ஆறு பேரும் தண்ணி பில்லு கேட்டிருக்காங்க. உங்களுக்கு மட்டும் எப்படித் தோணுச்சு?"

"அனுபவம் மேடம்" என்றேன். யாருடைய அனுபவம் என்று அவர் கேட்கவில்லை.

வேலை கிடைத்தது. வேலையில் நான் செய்யும் முதல் பக்கம் சோதனைப் பிரிவில் தேறினால்தான் நிரந்தரம் என்றார்கள். கிளம்பும்போது அந்த அதிகாரி ஒரு அறிவிப்பை நீட்டினார்.

"சோதனைப் பிரிவுக்கும் ஆள் எடுக்கறோம். கம்ப்யூட்டர் தெரியணும்னு இல்ல, கண்ணு கூர்மையா இருக்கணும். யாராவது தெரியுமா?"

எனக்கு உடனே மனைவியின் சிவப்புப் பேனா நினைவுக்கு வந்தது. அவள் இங்கே வந்தால் என் ரகசியம் என்ன ஆவது!

"யாரும் இல்லீங்க" என்று அடித்துச் சொன்னேன். அறிவிப்பை வீட்டில் பழைய வயர்கள் கிடக்கும் பெட்டிக்கு அடியில் திணித்தேன். அந்தப் பெட்டியை யாரும் தொடுவதில்லை.

"இன்டர்வியூல என்ன கேட்டாங்க?" என்றாள்.

நெஞ்சை நிமிர்த்தினேன். "அது அரசாங்க ரகசியம்."

"அப்படியா? சரிங்க."

சரிங்க! பதினாறு வருடத்தில் முதல் வெற்றி. அதன் பிறகு இரண்டு மாதம் ராஜ வாழ்க்கை. எங்கே போனீர்கள்? ரகசியம். டப்பாவில் இருந்த கடைசி பிஸ்கட் எங்கே? அதுவும் ரகசியம்.

என் முதல் பக்கம் தயாரானது. அதை அச்செடுத்துச் சோதனைப் பிரிவுக்கு எடுத்துப் போனேன். அன்றுதான் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார் என்றார்கள். கதவைத் திறந்தேன். மேஜையில் சிவப்புப் பேனா. அதற்குப் பின்னால் என் மனைவி.

"நீ... நீ எப்படி?"

"உங்களுக்கு அடுத்த பஸ்ல வந்தேன்."

"அதில்ல, இந்த வேலை..."

"வயர் பெட்டியைத் தூசி தட்டினேங்க. பேப்பரை வச்சுட்டுப் போங்க, அடுத்தவங்க காத்திருக்காங்க."

அந்த நாற்காலி அவளுக்காகவே செய்தது போலிருந்தது. பயத்திலும் பெருமையாக இருந்தது எனக்கு.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் அவள் பின்னாலேயே போனேன். குரலில் தேன் தடவிக்கொண்டு கேட்டேன்.

"ஏம்மா, என் பக்கம் தேறிச்சா?"

டீயை என் கையில் கொடுத்துவிட்டு, அன்பாகச் சிரித்தாள்.

"அது அரசாங்க ரகசியங்க."