ஆடிட்டர் போட்ட சமையலறைத் திட்டம்

மனைவி மறுபடியும் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னால் கணவன் என்ன செய்யலாம்? கூடாது என்று சொல்லலாம். அதற்குத் தைரியம் வேண்டும். தாராளமாகப் போ என்று சொல்லலாம். அதற்குப் பெரிய மனசு வேண்டும். ஆடிட்டரிடம் இரண்டுமே கைவசம் இல்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறையை இடித்துக் கட்டத் தீர்மானித்தார்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவள். அவர்களே இப்போது திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். ஆடிட்டரோ வீட்டிலேயே லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பவர். அவள் போய்விட்டால் நினைத்த நேரத்துக்கு டீ யார் கொடுப்பது? மத்தியானம் சுடச்சுடச் சோறு யார் போடுவது? இதை வாய்விட்டுக் கேட்டால் மானம் போகும். ஆனால் பளபளவென்று ஒரு சமையலறை கட்டிக் கொடுத்தால், அதை விட்டுவிட்டு அவளுக்கு வெளியே போக மனசு வருமா? வராது என்பது அவர் போட்ட கணக்கு.

இரண்டு நாள் உட்கார்ந்து கட்டம் போட்ட தாளில் படம் வரைந்தார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இது மேல இருந்து பாக்குற மாதிரி வரையறது. இதுக்குப் பேரு பிளான்."

"அப்படியா?" என்றாள், அந்தத் தொழிலைச் செய்தே சம்பளம் வாங்கியவள்.

"எல்லாம் உனக்காகத்தான்மா. காலம் மாறிப் போச்சு. இனிமே நீ சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்க வேணாம். நடுச்சுவரை எடுத்துடுறோம். சமைச்சுக்கிட்டே என்னோட பேசலாம்."

"நல்ல யோசனைங்க. அப்படியே மேடை ஓரத்துல ஒரு பிளக் பாயின்ட் வெச்சுடுங்க. உங்க லேப்டாப்பை அங்கேயே வெச்சுக்கலாம்."

ஆடிட்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் தன்னைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாள்! ஒன்று கேட்டவளுக்கு இரண்டு பிளக் பாயின்ட் எழுதினார்.

தச்சர் டேப்போடு வந்தார். "மேடைக்குப் பொதுவா ஒரு உயரம்னு வெச்சுக்கக் கூடாது சார். நிக்கிறவங்க முழங்கைக்குக் கொஞ்சம் கீழே இருக்கணும். இல்லேன்னா இடுப்பு போயிடும். யாரு நிக்கிறீங்க?"

மனைவி பாத்திரங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "அவரையே நிக்க வெச்சு எடுத்துக்குங்க தம்பி. எல்லாமே அவர் யோசனைதான்."

அந்தப் பாராட்டில் ஆடிட்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுப்புக்கு முன்னால் போய் நின்றார். அந்த இடத்தில் அவர் அதற்கு முன்னால் நின்றதே இல்லை. எதிரே எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சுவர். விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்ததால், காய் நறுக்கும் இடத்தில் அவருடைய நிழலே விழுந்தது. காற்றுக்கு வழியில்லை. கூடத்தில் டி.வி. ஓடுவது கேட்டது, என்ன ஓடுகிறது என்று தெரியவில்லை. இங்கே நின்றுதான் அவள் ஏதேதோ சொல்லியிருக்கிறாள், கூடத்தில் இருந்த இவர் கேட்காமலே "ம்" போட்டிருக்கிறார். ஆடிட்டருக்கு வெட்கமாக இருந்தது. உண்மையாகவே அவளுக்கு ஒரு நல்ல சமையலறை கட்டித் தரவேண்டும் என்று அந்த நிமிஷம் நினைத்தார். வேலைக்கு அனுப்பலாமே என்று மட்டும் நினைக்கவில்லை.

"கையை மடக்குங்க சார்" என்றார் தச்சர்.

வேலை முடிந்தது. நடுச்சுவர் போய் வெளிச்சம் உள்ளே வந்தது. மேடை கறுப்புக் கல்லில் மின்னியது. ஆடிட்டர் மனைவியைக் கைபிடித்து அழைத்து வந்து மேடைக்கு முன்னால் நிறுத்தினார். மேடை அவள் மார்பளவுக்கு வந்தது. மேல் அலமாரியின் கைப்பிடியைப் பிடிக்க எம்பிப் பார்த்தாள்; விரல்கூடப் படவில்லை. அவர் ஆறடி. அவள் அவர் தோளுக்குக் கீழே.

"ஐயையோ!" என்று தச்சரைப் பார்த்தார் ஆடிட்டர். "தம்பி, இதைக் கொஞ்சம் இறக்க முடியாதா?"

"கல்லு ஒட்டியாச்சே சார். உங்களுக்குச் சரியாத்தானே இருக்கு? இனிமே சார்தான் சமைக்கப் போறார்னு அக்கா முதல் நாளே சொன்னாங்க."

ஆடிட்டர் திரும்பிப் பார்த்தார்.

"இனிமே பகல்ல வீட்டுல இருக்கப் போறது நீங்க. நான் திங்கக்கிழமை வேலையில சேர்றேன்" என்றாள். "அடுப்புல வெச்சுட்டு அப்படியே பக்கத்துல உக்காந்து கணக்குப் பாருங்க. அதுக்குத்தானே பிளக் பாயின்ட்?"

"பிளானைப் பாத்தப்பவே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னீங்க. பாவம், யோசிக்கட்டும்னு விட்டுட்டேன்."

திங்கட்கிழமை காலை அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசலுக்குப் போகிற வழியில் எதையோ நினைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அது பிடித்தும் இருந்தது. அதனாலேயே கோபப்படவும் முடியவில்லை. கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"எனக்குச் சமைக்கவே தெரியாதேம்மா!"

"தெரியாதா? இத்தனை வருஷமா உப்பு கம்மி, காரம் ஜாஸ்தின்னு தினமும் சொன்னீங்களே, தெரியாமலா சொன்னீங்க?"

கதவு சாத்தப்பட்டது. மத்தியானம் ஆடிட்டர் தான் சமைத்ததைத் தட்டில் போட்டுக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டார். உப்பு கம்மி. காரம் ஜாஸ்தி. யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.