எங்கள் வீட்டில் ‘ஓகே’ தடைசெய்யப்பட்ட விவரம்

அன்புள்ள மைத்துனருக்கு,

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உணவு மேசையில் முழு அளவில் கூடிய எங்கள் குடும்பம், ‘ஓகே’ என்ற ஆங்கிலச் சொல்லை இனி இவ்வீட்டின் எல்லைக்குள் யாரும் உச்சரிப்பதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றியதைத் தங்களுக்கு முறைப்படி தெரிவித்துக்கொள்கிறேன். முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். உங்கள் அக்கா அப்போது ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள், மகள் கைப்பேசிக்குள் இருந்தாள். எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. நீங்களும் தங்கச்சியும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதிவிட்டேன். மேலே படியுங்கள்.

ஓர் அலுவலகத்தின் மொழிபெயர்ப்புப் பிரிவில் ஆயுளைக் கழித்தவன் நான். ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்று யோசித்தே தலைமயிரை இழந்தவன். அப்படிப்பட்டவன் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், எங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறோம். உங்கள் அக்கா ‘ஓகே’ என்று வெடுக்கென்று சொன்னால் சம்மதம். அதையே ‘ஓ…கே’ என்று இழுத்தால் நான் அறிவுகெட்டவன். ‘ஓகே ஓகே’ என்று இரட்டித்தால் போனை வைக்கப் போகிறாள். என் சமையலைப் பற்றி ‘ஓகேதான்’ என்றால் இனி அடுப்புப் பக்கம் போகாதே. மகளின் மேலாளர் போனில் ‘ஓகே’ என்றால் விடுமுறை கிடையாது. என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர் ‘ஓகே’ என்றார். அதற்கு இன்றுவரை எனக்குப் பொருள் தெரியவில்லை. ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கு உரிய சொல்லைப் பிரித்துக் கொடுத்தேன். சரி, ஆகட்டும், புரிந்தது, பரவாயில்லை, போதும், முடிந்தது, தேவலை, வைக்கிறேன் என்று நம்மிடம் என்ன பஞ்சமா? மீறியவர் அன்றைய பாத்திரம் முழுவதும் துலக்க வேண்டும் என்பது தண்டனை.

முதல் வாரம் நன்றாகவே போனது. மகள் தன் மேலாளரிடம் வாய் தவறி ‘அப்படியே ஆகட்டும்’ என்று சொல்லி, அவர் அவளுடைய உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். உங்கள் அக்கா நான் எதைச் சொன்னாலும் ‘ஆகட்டும், ஆகட்டும்’ என்றாள். அதை அவள் சொன்ன விதத்தில் அதுவும் பழையபடி எட்டுப் பொருளுக்கு வந்துவிட்டது. அது வேறு விஷயம்.

எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். உங்கள் குடும்பத்துத் தொண்டை அது, இங்கே வந்து செழித்தது. யாரும் இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டோம். ஃபேனை அணை, கதவைச் சாத்து, மோட்டாரை நிறுத்து என்று உட்கார்ந்த இடத்திலிருந்து குரல் கொடுப்போம். வீட்டின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ‘ஓகே’ என்று பதில் வரும். வேலை நடந்துவிடும். யார் செய்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்? இப்படியே காலம் ஓடிவிட்டது.

இரண்டாம் வாரம் ஒருநாள் பிற்பகல், நான் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது சமையலறைக் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணி வீணாப் போகுது, மூடுங்க என்று சத்தம் போட்டேன். உள்ளேயிருந்து ‘ஓகே’ என்று தெளிவாகக் கேட்டது. குழாய் நின்றது. ஆள் அகப்பட்டது என்று நீதிபதி முகத்தோடு உள்ளே போனேன். சமையலறையில் யாரும் இல்லை. உங்கள் அக்கா வெளியே கேட் அருகில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். மகள் மாடியில் காதை அடைத்துக்கொண்டு அலுவலகக் கூட்டத்தில் இருந்தாள். இருவரையும் கூப்பிட்டு விசாரித்தேன். இருவரும் மறுத்தார்கள். பொய் சொல்வது பாத்திரம் துலக்குவதைவிடக் கேவலம் என்று நான் பேச, அவர்கள் திருப்பிப் பேச, தகராறு வளர்ந்து அடங்கியது. பிறகு போய்ப் பார்த்தால் பாத்திரங்கள் துலக்கிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மகள்தான் மனம் திருந்திவிட்டாள் என்று நான் நினைத்தேன். அம்மா விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று மகள் நினைத்தாள். நான்தான் என்று மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை.

மறுநாள், பாத்திரத்தை எங்களில் யாரும் துலக்கவில்லை என்பது பேச்சுவாக்கில் வெளியே வந்ததும் மகள்தான் யோசனை சொன்னாள். மூவரும் கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்தோம். உங்கள் அக்கா மேலே பார்த்து, காத்து அடிக்குது, மாடி ஜன்னலைச் சாத்து என்றாள். பிறகு மாடியிலிருந்து ‘ஓகே’ என்று வந்தது. ஜன்னல் மூடும் சத்தமும் அதன்பின் கொக்கி விழும் சத்தமும் கேட்டன. குரல் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நம் வீட்டு மனுஷர் யாராவது பேசினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

“நான் எப்பவும் அம்மான்னுதான் நெனச்சேன்,” என்றாள் மகள்.

“நான் உன்னைன்னு நெனச்சேன்டி,” என்றாள் உங்கள் அக்கா.

பிறகு மகள், சின்ன வயசில் தான் காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் ஈரத்துணி வைக்கச் சொல்லிக் கேட்டதையும், வைத்த கையை அவள் பிடித்துக்கொண்டே தூங்கியதையும் சொன்னாள். அம்மாவுக்கு ஏன் கை இவ்வளவு சில்லென்று இருக்கிறது என்று அப்போதே தோன்றியதாம். உங்கள் அக்கா அப்படி ஒரு துணியும் வைத்ததாகத் தனக்கு நினைவில்லை என்றாள். அன்று மாலையே மகள் பையைத் தூக்கிக்கொண்டு தோழியின் அறைக்குப் போய்விட்டாள். வீட்டை மாற்றினால் ஒழிய இந்த வாசலை மிதிக்க மாட்டாளாம்.

நானும் வீட்டை மாற்றத் தயார். தரகரிடம்கூடச் சொல்லிவைத்துவிட்டேன். சிக்கல் உங்கள் அக்காதான். பயப்பட வேண்டியவள் பயப்படவில்லை. இந்த வீட்டில் தான் சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் அதுதான், அதை விட்டுவிட்டு எங்கே வரச் சொல்கிறீர்கள் என்கிறாள். பகலெல்லாம் அதோடு பேச்சு. அதற்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். ஆனால் உங்கள் அக்கா அதைப் பதம் பிரித்துப் பொருள் சொல்கிறாள். இப்போ சொன்னது சம்மதம் இல்லீங்க, உனக்குக் கால் வலிக்குதே உட்காருன்னு அர்த்தம் என்பாள். மாடிப்படியிலிருந்து மெல்ல ஒன்று கேட்டால், அதுக்கு இன்னிக்கு மனசு சரியில்லை, சத்தமாப் பேசாதீங்க என்பாள். ஆயுள் முழுக்க நான் செய்த தொழிலை இவள் அடுப்படியில் நின்றபடி செய்கிறாள், என்னைவிட நன்றாகவும் செய்கிறாள். மைத்துனரே, உங்களிடம் மறைப்பானேன், இப்போது அவள் எதற்கும் என்னைக் கூப்பிடுவதில்லை. சாப்பாட்டுத் தட்டு மேசைக்கு வருகிறது. யார் வைத்தது என்று நான் கேட்பதில்லை.

போன செவ்வாய்க்கிழமை பொறுக்க முடியாமல் வீட்டு நடுவில் நின்று, யாராக இருந்தாலும் வெளியே போ என்று அதட்டினேன். நாள் பூராவும் வீடு அடங்கிக் கிடந்தது. ஜெயித்துவிட்டோம் என்று சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்தபோது, வலது காதுக்குப் பின்னால், மூச்சுப்படும் தூரத்தில், ‘ஓகேவா?’ என்று கேட்டது. அதுவரை அது கேள்வி கேட்டதில்லை.

“உங்களைத்தான் கேக்குது. பதில் சொல்லுங்க,” என்றாள் உங்கள் அக்கா சமையலறையிலிருந்து.

என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. போகட்டுமா என்றா? நீ நன்றாக இருக்கிறாயா என்றா? இவளை எடுத்துக்கொள்ளட்டுமா என்றா? நான் பிரித்துக்கொடுத்த சொற்களை எல்லாம் ஒவ்வொன்றாக மனசுக்குள் எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, உங்களுக்கு யாருக்குமே பதில் சொல்ல வராது என்று உங்கள் அக்கா தனக்குள் சொல்லிக்கொண்டது கேட்டது.

எனவே இந்தக் கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வரவும். தம்பி சொன்னால் கேட்பாள். எப்படியாவது பேசி, அவளை என்னோடு வேறு வீட்டுக்கு வரச் சம்மதிக்க வையுங்கள். எனக்கு அவளைத் தவிர யாரும் இல்லை என்பதை நானே அவளிடம் சொல்லியிருக்கலாம். நீங்கள் சொன்னால் கோர்வையாக இருக்கும்.

தங்கச்சிக்கு என் அன்பு. குழந்தைகள் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் வாழட்டும், கூப்பிட்டால் எழுந்து வருகிற பிள்ளைகளாக வளரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: நீங்கள் வர வேண்டியதில்லை. கடிதத்தை உறையில் போடுவதற்கு முன்பே உங்கள் அக்கா பெட்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். “தம்பி வீட்டுக்குப் போறேன். நீயும் வர்றியா?” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவள் ஒருமையில் அழைத்ததில்லை, அதனால் நான் வாய் திறக்கவில்லை. உள்ளேயிருந்து பதில் வந்தது. நான் செருப்பைத் தேடி மாட்டுவதற்குள் கேட் வெளிப்பக்கமாகச் சாத்தப்பட்டுவிட்டது. இது உங்கள் கைக்குக் கிடைக்கும் முன் அங்கே வந்து சேர்ந்திருப்பாள். தடையை நான் விலக்கிக்கொண்டேன். அந்தச் சொல்லை ஒவ்வோர் அறையாகப் போய் உரக்கச் சொல்லியும் பார்த்துவிட்டேன். நேற்று மழை கட்டிக்கொண்டு வந்தது. மாடியில் காயும் துணிகளை எடுக்கும்படி கூடத்திலிருந்து இரண்டு தடவை குரல் கொடுத்தேன். துணிகள் நனைந்துவிட்டன.