இரண்டாம் பக்கத்து விறகு

பல்கான் மலைமேல் இருக்கிற எங்கள் ஸ்துதெனித்ஸா கிராமத்தாருக்குக் குளிர்கால விறகு வழங்குவதென மேன்மை தங்கிய வட்டார அலுவலகம் தீர்மானித்தது. பயனாளிகள் பட்டியல் தயாரிக்கும் மாபெரும் பொறுப்பை இந்த ஆண்டு கணினியிடமே ஒப்படைத்தது. மனுஷன் போட்டால் கோடு கோணலாகிவிடும் அல்லவா? கணினி முப்பத்தொரு பெயரையும் கட்டம் கட்டி அடுக்கியது. முப்பது பேர் முதல் பக்கத்தில் அடங்கினார்கள். மிச்சமிருந்த ஒரு பெயர் இரண்டாம் பக்கத்தில் போய் விழுந்தது.

அது விதவை யாகொதாவின் பெயர். எங்கள் அகரவரிசையில் 'யா' கடைசி எழுத்து. பள்ளிக்கூடத்தில் பால் ஊற்றியபோதும் அவளுக்குக் கடைசியில்தான் கிடைத்தது.

"ஒரு பக்கத்துல ஒத்தப் பேர் இருந்தா செல்லாதுக்கா," என்றார் எழுத்தர் எவ்ஸ்தாதி, ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து. "யாரோ பின்னால சொருகின மாதிரி இருக்கும். விதி அப்படி."

"பனி இறங்குதுய்யா. வீட்டுல நாலு கட்டைதான் இருக்கு. எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினா நானும் மேல ஏறிடுவேன்ல?"

"எழுத்து அளவு பன்னிரண்டுன்னு தலைநகரத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்காங்க. பதினொண்ணாக்க எனக்கென்ன ரெண்டு தலையா இருக்கு?"

"அப்ப ஓரத்துல விட்ட வெத்திடத்தைக் குறைங்க."

"அது அரசாங்கச் சொத்து."

"சரி, முதல் பக்கத்துலேர்ந்து யாராவது ஒருத்தரைக் கீழ இறக்குங்க. ரெண்டு பேரா இருந்துக்கிறோம்."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சட்டென்று கூரையை ஆராயத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டு தோப்ரிக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னையாக்கா கீழ தள்ளப் பாக்குற? எங்க அப்பா காலத்துலேர்ந்து நாங்க முதல் பக்கம்!"

"போன வருஷம் வரைக்கும் மொத்தமே ஒரு பக்கம்தானேடா!"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

எவ்ஸ்தாதி யோசித்தார். உயிரோடு இருப்பவர்களைக் கேட்டால்தானே வம்பு? யாகொதாவின் காலஞ்சென்ற கணவர் யாவோரையும், காலஞ்சென்ற தபால்காரர் யூலியானையும் அவளுக்கு முன்னால் ஏற்றினார். அவர்கள் மறுப்புச் சொல்லவில்லை.

ஆனால் எங்கள் கிராமத்தில் முகவரி என்றால் வெறும் வீட்டு எண். அதற்கான கட்டமும் இரண்டு எழுத்து அகலம்தான். இந்த இருவரின் 'கல்லறைத் தோட்டம், நான்காம் வரிசை, வால்நட் மரத்தடி' அதில் எப்படி நுழையும்? வரிக்கு இரண்டு எழுத்தாகச் சொட்டுச் சொட்டாக வடிந்து பக்கத்தின் அடிவரை இறங்கியது. யாகொதா மூன்றாம் பக்கத்துக்குப் போனாள். மறுபடியும் தனியாக.

"இப்ப என்னய்யா செய்ய?"

"உங்க வீட்டுக்காரர் இடத்துல நீங்க இருந்திருந்தா இந்தச் சிக்கலே இல்லைக்கா," என்றார் எவ்ஸ்தாதி, நிஜமான வருத்தத்தோடு.

மூன்றாம் பக்கம் குப்பைக்கூடைக்குப் போனது. மற்ற இரண்டையும் வனத்துறை பயபக்தியோடு படித்தது. அரைப் பக்க நீளத்துக்கு முகவரி வைத்திருப்பவர் சாமானியராக இருக்க முடியுமா? ஆகவே முதல் பக்கத்தாருக்கு ஆற்றோரத்து ஈரக்கட்டை. இரண்டாம் பக்கத்தாருக்கு மூன்று வருஷம் காய்ந்த, நின்று எரியும் பீச் மரக்கட்டை, வால்நட் மரத்தடியில் இரண்டு குவியல்.

யாகொதா கைவண்டியோடு போனாள். வனக்காவலர் தடுத்தார்.

"இது யாவோருக்கு வந்தது. நீங்க எடுக்கிறதுல அவருக்கு ஆட்சேபம் இருந்தா ஏழு நாளைக்குள்ள எழுதிக் குடுக்கலாம். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"இருந்தப்ப ஒரு சுள்ளி பொறுக்கிப் போடாத மனுஷன், இப்ப எழுந்து வந்து எழுதிக் குடுக்கப் போறாராக்கும்!"

ஏழு நாளும் நாற்காலிகளை ஒவ்வொன்றாக உடைத்து எரித்தாள். குளிரில் பல் கிட்டிப் போயிற்று. ஆட்சேபம் வரவில்லை. எட்டாம் நாள் கட்டை வண்டி வண்டியாக வீடு வந்து சேர்ந்தது. தோப்ரியின் அடுப்பில் புகை மட்டும் வந்தது. அவனும் பெண்டாட்டியும் குளிர்காலம் முழுக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டே ராக்கியா சாராயம் குடித்தார்கள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் தோப்ரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் முன்னால் நின்றான்.

"சார், இந்தத் தடவை என்னைக் கல்லறைத் தோட்டத்து முகவரியிலயே எழுதிடுங்க."

எவ்ஸ்தாதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கெடு நேத்தோட முடிஞ்சு போச்சே. ஊரே வந்து செத்துட்டுப் போயாச்சு. யாகொதாக்காதான் வரிசையில முதல் ஆள். உயிரோட இருக்கிறவங்க பக்கத்துல இப்ப உங்க பேர் ஒண்ணுதான் நிக்குது. ஒத்தப் பேர் செல்லாது."