முதலைக்கு எதிரே மூன்று கால்

ஒரு பிளாஸ்டிக் முதலையை வாரத்துக்கு இரண்டு முறை, ஒரே இடத்திலிருந்து, ஒரே உயரத்தில், ஒன்பது மாதம் விடாமல் போட்டோ எடுத்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தீம் பார்க்கில் நான் மோட்டார் ரூம் டெக்னீஷியனாக இருந்த காலத்தில் அவரைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. பாக்கியம் எனக்குத்தான். அவருக்கு என்னைப் பார்த்ததால் ஒரு நன்மையும் விளையவில்லை.

அவருக்குப் பெயர் இருந்தது. பார்க்கில் யாரும் அதைச் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவர் ஸ்டாண்டுக்காரர். திங்களும் வியாழனும் காலை பத்து மணிக்கு, வெள்ளை வேட்டி, தலையில் துண்டு, கேமரா ஸ்டாண்டு சகிதம் கேட்டில் நிற்பார். பார்க் இருக்கும் நிலத்தில் நான்கு ஏக்கர் முன்பு அவருடையது. வாங்கிய நிர்வாகம் மரியாதைக்கு ஓர் ஆயுட்கால பாஸ் கொடுத்திருந்தது. அறுபது வயதுத் தென்னை விவசாயி ராட்டினம் சுற்ற வரமாட்டார் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். ராட்டினத்துக்கு அவர் வரவில்லை என்பது உண்மைதான்.

ஸ்டாண்டு ஒரு பழைய ஸ்டூடியோவில் வாங்கியது. முழுக்க இரும்பு. ஒர்க் ஷாப் தராசில் வைத்துப் பார்த்தேன், ஏழு கிலோ. கேட்டிலிருந்து முதலை வரை ஒரு கிலோமீட்டர். செக்யூரிட்டி இரண்டே விதிகள் சொன்னார்: ஸ்டாண்டைத் தரையில் இழுக்கக் கூடாது, யார் மேலும் படக் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் ஏழு கிலோவை எப்படிச் சௌகரியமாகச் சுமப்பது என்பதுதான் அவருடைய முதல் மூன்று மாத ஆராய்ச்சி.

முதலில் மண்வெட்டி மாதிரி தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். நேராகப் போகும்வரை குறையில்லை. யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பினார். பின்னால் வந்த ஒரு புது மாப்பிள்ளையின் கூலிங் கிளாஸ் அலைக்குளத்தில் போய் விழுந்தது.

"ஏனுங்க, பின்னாடி கண்ணு இல்லீங்களா?" என்றார் மாப்பிள்ளை.

"எனக்கும் இல்லீங்க, இப்ப உங்குளுக்கும் இல்லீங்க" என்றார் ஸ்டாண்டுக்காரர்.

அடுத்து, கன்றுக்குட்டி கட்டும் கயிற்றால் முதுகில் கட்டிக்கொண்டார். மூன்று கால்களும் தலைக்கு மேல் விரிந்து நின்றன. பார்க்கில் வேஷம் போட்டு நிற்பவர்களில் ஒருவர் என்று நினைத்து ஒரு பள்ளிக்கூடமே செல்ஃபிக்கு வரிசை கட்டியது. நாற்பது பிள்ளைகளுக்கும் நின்று போஸ் கொடுத்துவிட்டுத்தான் முதலையிடம் போனார்.

மூன்றாவது முறை, குழந்தைகளை உட்கார வைத்துத் தள்ளும் வண்டியை வாடகைக்கு எடுத்தார். ஸ்டாண்டைப் படுக்க வைத்து வெயில் படாமல் துண்டைப் போர்த்தினார். வழியில் ஒரு பெண் கனிவோடு குனிந்து, "பேத்தியா, பேரனாங்க?" என்றாள்.

"தெரியலீங்க. மூணு காலு இருக்குது" என்றார்.

அந்தப் பெண் புகார் எழுதிக் கொடுத்தாள். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. கழற்றிப் போட்ட பழைய ரோலர் கோஸ்டர் பெல்ட் ஒன்றை எடுத்து, குறுக்காகப் போடும் பட்டையாகத் தைத்தேன். கால்களுக்கு ஸ்பாஞ்சு சுற்றினேன். எடை தோளில் தொங்கக் கூடாது, இடுப்பில் உட்கார வேண்டும், கனமான தலைப்பகுதி மேலே, கால்கள் கீழே, உடம்போடு ஒட்டி. அவர் மாட்டிக்கொண்டு பத்தடி நடந்து பார்த்தார்.

"அம்மிணி, இத மொதல்லயே பண்ணிக் குடுத்திருந்தீன்னா அந்த மாப்பிள்ளைக்குக் கண்ணாடி மிஞ்சியிருக்கும்."

அதிலிருந்து அவர் போகும்போதெல்லாம் மோட்டார் ரூம் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசுவார், என் வீட்டுக் கதையும் கேட்பார். ஏதாவது கொடுத்துவிட்டும் போவார். இளநீர், அல்லது என் வயரிங்கைப் பற்றி ஒரு நக்கல்.

முதலை விஷயத்தில் கேன்டீனில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். மனிதர் விற்ற நிலத்தை நினைத்து ஏங்குகிறார், பாவம், மூளை கொஞ்சம் கலங்கிவிட்டது. நானும் உச்சுக் கொட்டியவள்தான். ஒரு நாள் அவரிடமே கேட்டேன்.

"நிலத்த நெனச்சு வருத்தமாய்யா?"

"வருத்தமா? வித்தது வித்ததுதான் அம்மிணி. இது வருத்தமில்ல, கேசு."

ஸ்டாண்டில் மாட்டிப் படமெடுக்கும் போனை எடுத்துப் படங்களை வரிசையாகத் தள்ளிக் காட்டினார். பார்க்குக்குள் ஓடுவது ஒரு பழைய வாய்க்கால். இரண்டு கரையிலும் சிமென்ட் பாறை வைத்து, வாய் திறந்த முதலை ஒன்றைப் போட்டு, காட்டாறு என்று பலகை மாட்டியிருந்தார்கள். பின்பக்கம் அவருக்கு மிச்சமிருந்த இரண்டு ஏக்கர் தென்னந்தோப்புக்கு அதுதான் தண்ணீர். அதைத் தடுக்கக் கூடாது என்று கிரயப் பத்திரத்திலேயே இருந்தது. அலைக்குளத்தை நிரப்ப அதிலிருந்து மோட்டார் போட்டு இறைத்தால் வாய்க்காலில் தண்ணீர் மட்டம் இறங்கும். முதலையின் மேல்வரிசைப் பல் மட்டும் தெரிந்தால் தோப்புக்குப் பாதித் தண்ணீர். கீழ்வரிசையும் தெரிந்தால் ஒரு சொட்டு இல்லை.

"கையில புடிச்சு எடுத்தா, கேமராவச் சாய்ச்சுப்போட்டான்னு சொல்லிப்போடுவாங்க. ஸ்டாண்டு சாயாதல்ல" என்றார்.

முதலைக்கு எதிரே சிமென்ட் பாறையில் மூன்று மஞ்சள் பொட்டுகள் இருந்தன. ஸ்டாண்டின் கால்களுக்காக அவரே வைத்தவை. கோயில் பொட்டு என்று நினைத்துத் துப்புரவுப் பெண்கள் அழிக்காமல் விட்டிருந்தார்கள்.

படங்களில் நாளும் நேரமும் இருந்தன. அவற்றை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன், வேறு வடிவத்தில். மோட்டார் எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று பதிவேடு எழுதுபவள் நான். முதலை பல்லைக் காட்டிய ஒவ்வொரு காலையும் என் கையெழுத்தில் இருந்தது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு தடவைகூட அவர் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் நீர்ப்பாசனத் துறைக்கு மனுக் கொடுத்தார். அதிகாரி பார்க்க வருவதாகத் தகவல் வந்ததும் மேனேஜர் என்னை அழைத்தார். மேசையில் ஒரு புதுப் பதிவேடு. ஒன்பது மாதத்துக்கு, மோட்டார் பாதி நேரம் ஓடியதாக எழுத வேண்டும். பழையதை எரித்துவிட வேண்டும். அதே மேசையில் என் வேலை நிரந்தர உத்தரவு, கையெழுத்துப் போடாமல். சூரியநெல்லியில் அப்பாவுக்குத் தேயிலைத் தோட்ட வேலை அந்த ஆண்டோடு முடிகிறது. முடிந்தால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். மேனேஜருக்கு இதெல்லாம் தெரியும். நான்தான் விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன்.

எழுதினேன். மூன்று பேனாக்களை மாற்றி மாற்றி எழுதினேன். ஒரே மையாக இருந்தால் சந்தேகம் வருமே. சில பக்கங்களில் டீ சிந்தினேன். படித்த படிப்பு வீண் போகவில்லை.

அதிகாரி வந்த அன்று காலை, வாய்க்கால் நிறைய மேல் மதகைத் திறந்துவிட்டார்கள். முதலை கண் வரை முழுகிக் கிடந்தது. அதிகாரி பாலக்காட்டுக்காரர், நிதானமானவர். ஸ்டாண்டுக்காரரின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு பதிவேட்டைப் பார்த்தார். இரண்டும் ஒத்துப் போகவில்லை.

"இந்த ரெஜிஸ்டர்ல உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?"

ஸ்டாண்டுக்காரர் பதிவேட்டை வாங்கி நான்கைந்து பக்கம் புரட்டினார். டீக் கறையை விரலால் தடவினார்.

"யாரு எழுதுனதுங்க?"

மேனேஜர் என்னைக் காட்டினார். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த உத்தரவு கிழியும். அவர் சொல்வார் என்றுதான் நின்றேன்.

"அந்தப் புள்ள எழுதுனதுன்னா சரியாத்தானுங்க இருக்கும். எம்பட படத்துலதான் என்னமோ கோளாறு."

அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஸ்டாண்டை மாட்டிக்கொண்டு போனார். அடுத்த திங்கட்கிழமை வரவில்லை. வியாழனும் வரவில்லை. என் வேலை நிரந்தரமானது. கேன்டீனில் கேசரி கொடுத்தார்கள்.

பழைய பதிவேட்டை நான் எரிக்கவில்லை. ஆறு வாரம் கழித்து அதைப் பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். தோப்பில் மட்டைகள் தொங்கிப் போயிருந்தன. வாசலில் உட்கார்ந்து தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். பதிவேட்டை நீட்டினேன். கையைத் துடைக்கக்கூட இல்லை.

"சாப்பிட்டயா?"

"மொதல்ல இத வாங்குங்கய்யா."

"வேற வேல கெடச்சுதா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு இப்பவே கொண்டாந்த? எடுத்துட்டுப் போ. கெடச்ச பொறவு கொண்டா. தென்னை ரெண்டு மாசம் தாங்கும், உன்ற ஊட்டுல தாங்குவாங்களா?"

"தாங்கலன்னா?"

"தென்னை பட்டுப்போனா மறுபடி நட்டுக்கலாம் அம்மிணி. போ."

தென்னை இரண்டு மாதம் தாங்கவில்லை. எனக்கு வேலை கிடைக்க நான்கு மாதம் ஆனது. அதற்குள் பதினேழு மரங்கள் போயின. பழைய பதிவேடும், புதியதை நான்தான் பொய்யாக எழுதினேன் என்று ஒப்புக்கொண்ட கடிதமும் இப்போது அதிகாரியிடம் இருக்கின்றன. மறு விசாரணை நடக்கிறது. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

கோயம்புத்தூரில் அந்தப் புது வேலைக்கான நேர்காணலில், நிரந்தர வேலையை ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டார்கள். வீட்டில் ஒருவருடைய தென்னந்தோப்புக்குத் தண்ணீர் வரவில்லை, அதைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"அப்பாவோட தோப்பா?" என்றார் கேட்டவர், எழுதிக்கொண்டே.

நான் திருத்தவில்லை.