காஸோ கரண்டோ எண்டு முத்தருக்கு எழுதினது

யேசு மரி சூசை துணை

மொன்றியல்-நோர்
கார்த்திகை 9, 2006

என்ர முத்தர்,

ஊர் முழுக்க உங்களைச் சவிரிமுத்து அண்ணை எண்டு கூப்பிட, நான் மட்டும் கதவைச் சாத்திப்போட்டு முத்தர் எண்டு கூப்பிட்டனான். இப்ப கதவைச் சாத்தத் தேவையில்லை, வீட்டில ஒருத்தரும் இல்லை. நான் நல்ல சுகம். அடுத்ததா உங்கட சுகத்தைக் கேக்க வேணும், அதுதான் கடிதத்துக்கு முறை. ஆனால் செத்து ஆறு மாசமான மனிசனிட்டைச் சுகம் கேக்கிறது எப்பிடியெண்டு எனக்கு அஞ்சாம் வகுப்பு வரைக்கும் சொல்லித் தரேல்லை. நீங்கள் குளிரில்லாத இடத்தில இருக்கிறியள் எண்டு நம்புறன். மோட்சத்தைத்தான் சொல்லுறன், மற்ற இடத்தை இல்லை.

நான் எழுதுறது ஒரு நல்ல செய்தி சொல்லத்தான். எங்கட வீடு எண்ணெய்ச் சூட்டை விட்டுப்போட்டு கரண்டுக்கு மாறுது. காஸோ கரண்டோ எண்டு ரெண்டையும் கொம்பேர் பண்ணி, கேள்வி கேட்டு, தீர்மானிச்சு, கையெழுத்தும் வைச்சது ஆர் தெரியுமோ? நான். ரெலிபோன் பில்லைக்கூட நீங்கள்தான் வாசிக்க வேணும் எண்டு மேசையில வைச்சுக்கொண்டிருந்த அதே கொன்சிலியாதான்.

நடந்தது இதுதான். ஐப்பசியில முதல் குளிர் வந்த அண்டைக்கு, பேஸ்மென்ரில நிண்டு வீட்டைச் சூடாக்கிற எங்கட எண்ணெய் பேர்னஸைப் போட்டன். எழும்பேல்லை. நீங்கள் பதினாலு மாரியா ஒவ்வொரு நாளும் விடிய அஞ்சு மணிக்குக் கீழ இறங்கி, செருப்பைக் கழட்டி அதின்ர இடது விலாவில மூண்டு அடி போட்டு, "எழும்படி" எண்டு அதட்டி, அது சூடேறுமட்டும் அரை மணித்தியாலம் காவல் நிண்டுபோட்டு மேல வாறனீங்கள். நானும் ஒருக்கா உதவிக்கு வரட்டோ எண்டு கேட்டதுக்கு, "இது சொந்தக்காரன்ர கையைத்தான் அறியும் கொன்சி, நீ மேல நில்" எண்டனீங்கள். இதைத்தான் எங்கட கோயில் எமிலியானுஸ் அண்ணை உங்கட செத்தவீட்டுப் பூசையில, சாமியாருக்கு முன்னால எழும்பி நிண்டு சொன்னவர். "படிக்காத மனிசன்தான், ஆனால் வெள்ளைக்காரன்ர மெசினை மூண்டு அடியில எழுப்பின கை அது" எண்டு. கோயிலே அழுதுது. எனக்கு அந்த அழுகைக்கு நடுவிலயும் நெஞ்சு நிமிந்துது. பொய் சொல்லக்கூடாது, பெட்டிக்குள்ள கிடந்த உங்கட கையை ஒருக்காத் திரும்பிப் பாத்தனான்.

அந்தத் துணிவிலதான் உங்கட செருப்பையே எடுத்துக்கொண்டு கீழ போய், அதே விலாவில மூண்டு அடி போட்டன். பேந்து ஆறு. பேந்து என்ர கோவத்துக்கு ஒரு பத்து. ஒரு அசுமாத்தமும் இல்லை. அடிக்கிற கை போனாப்போல அதுவும் உங்களுக்குப் பின்னாலயே போட்டுது எண்டு நினைச்சுக்கொண்டு படியில இருந்து அழுதன். அழுது முடிய இன்னும் குளிர்ந்துது.

மகனுக்கு ஸ்காபரோவுக்கு ரெலிபோன் எடுத்தன். டனிஸ்ரன் சொல்லுறான், "அம்மா, அது முப்பத்தஞ்சு வருசத்துப் பேர்னஸ், முடிஞ்சுது. இஞ்சை எண்டால் கொம்பனிக்காரர் வாசலுக்கு வாசல் வந்து நிப்பினம். நாலு பேரைக் கொம்பேர் பண்ணிப்போட்டு மலிவானவனுக்கு சுவிச் பண்ணுங்கோ." "தம்பி, அது ஒன்ராறியோ, இது கியூபெக். இஞ்சை கரண்டுக்கு ஒரு கொம்பனி, காஸுக்கு ஒரு கொம்பனி. கொம்பேர் பண்ணுறதெண்டால் காஸையும் கரண்டையும்தான் பக்கத்தில பக்கத்தில நிப்பாட்ட வேணும்" எண்டன். இதைச் சொன்ன உடனை அவனுக்குக் கதை மாறிட்டுது. "அம்மா, உங்களுக்குப் பிரெஞ்சும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது, அப்பாவும் இல்லை. உங்களால ஏலாது. வீட்டை வித்துப்போட்டு இஞ்சை வாங்கோ, பேஸ்மென்ரில ஒரு அறை சும்மாதான் கிடக்கு. நத்தார்ப் பண்டிகைக்கு முதல் வீட்டில சூடு வரேல்லையெண்டால் நானே வந்து ஏத்திக்கொண்டு போவன்" எண்டான். முத்தர், பகல் பாத்திரம் கழுவி இரவு ஒவ்வீஸ் கூட்டி நீங்கள் வாங்கின வீடு. ஒரு பேர்னஸ் நிண்டதுக்காக வீட்டை விக்கிறதோ? விட்டுப்போட்டு அவன்ர பேஸ்மென்ரில போய் நானும் ஒரு பேர்னஸ் மாதிரி நிக்கிறதோ? "நத்தாருக்கு நீ இஞ்சை வா மகன், கோட்டைக் கழட்டிப்போட்டு இருந்து சாப்பிடலாம்" எண்டு சொல்லி ரெலிபோனை வைச்சிட்டன்.

அடுத்த நாள் ஒரு கடுதாசியை நடுவால மடிச்சு, ஒரு பக்கம் நெருப்பும் மற்றப் பக்கம் பல்பும் கீறினன். காஸ், கரண்ட். ஆனால் காஸை நான் கிட்ட நிண்டு கண்டதில்லை, எங்கட குசினியில கரண்ட் அடுப்புத்தானே. எங்கட கோயில் ஆக்களில காஸ் அடுப்பு வைச்சிருக்கிறது செயின்ட்-மிஷேலில இருக்கிற புஷ்பராணி மட்டும்தான். பிரெஞ்சு பேசத் தெரிஞ்சதும் அவதான், பிள்ளைகள் பாக்கிற கார்டெரியில வேலையெல்லே. அவவிட்டைப் போறதெண்டால் எனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். டனிஸ்ரன்ர கலியாணச் சாப்பாடு முடிய, பெரிய பை ஒண்டோட எங்கட வீட்டில இருந்து வெளிக்கிட்டவ அவ. அண்டு பின்னேரம் பாத்தால் என்ர பச்சை வெல்வெற் குஷன் ரெண்டில ஒண்டைக் காணேல்லை. அஞ்சு வருசம் ஆச்சுது. கோயில்ல கை குடுத்துச் சமாதானம் சொல்லேக்கையும் நான் அவவுக்கு விரல் நுனியைத்தான் குடுக்கிறனான். நீங்கள் எத்தினை தரம் "விடு கொன்சி, ஒரு குஷன்தானே" எண்டனீங்கள். நான் விடேல்லை. ஆனால் இந்த முறை வீட்டை நினைச்சு, மனசுக்குள்ள அவவை மன்னிச்சுப்போட்டு பஸ் ஏறினன். மன்னிச்சதைச் சும்மா லேசாச் சொல்லிப்போட்டன், அறுபத்தேழாம் நம்பர் பஸ் செயின்ட்-மிஷேல் போய்ச் சேருமட்டும் எடுத்துது. வீட்டுக்குள்ள போனதும் கண் முதல் செற்றியைத்தான் தேடிச்சுது. ஒளிச்சு வைச்சிருக்கிறா போல, குஷனைக் காணேல்லை.

"என்ன கொன்சி அக்கா, திடீரெண்டு?" எண்டா. "உன்ர அடுப்பில கொஞ்சம் தண்ணி கொதிக்க வைக்க வேணும்" எண்டன். ஒரு மாதிரிப் பாத்தா. உங்கட வீட்டில தண்ணி வாறேல்லையோ எண்டு கேட்டா. விளக்கினன். அவவின்ர மணிக்கூடு பற்றரி போய் நிண்டது, அதோட எனக்கு மணிக்கூட்டை விட செபமாலைதான் நம்பிக்கை. ஒரே பானை, ஒரே அளவு தண்ணி, கொதி வருமட்டும் எத்தினை அருள்நிறை மந்திரம் எண்டு பாக்கிறதுதான் என்ர முறை. தண்ணியை வைச்சம், ரெண்டு பேருமாச் சொல்லத் தொடங்கினம். புஷ்பராணி செபமாலை சொல்லுறது நிப்பாட்டாத பஸ் போற மாதிரி, நான் பின்னால ஓடினன். கொதி வரேக்கை ஐஞ்சு பத்தும், ஐம்பது மந்திரமும் முடிஞ்சு போச்சுது. அவவுக்கு முகம் வாடிட்டுது, தன்ர காஸ் தோத்துப் போச்சாம். ஆனால் நான் நீதியா யோசிச்சன். வேகமாச் சொன்னால் கொதிக்க முதல் கனக்க மந்திரம் முடியும்தானே? பிழை காஸில இல்லை, அவவின்ர வாயில. "நீ பேசாமல் இரு, நான் தனியச் சொல்லுறன்" எண்டு திரும்ப வைச்சன். மூண்டு பத்துக்குக் கொதிச்சுது. நெருப்புக் கீறின பக்கத்தில ஒரு புள்ளி போட்டன். அவ எழும்பிப் போய் எனக்குத் தேத்தண்ணி போட்டா, கொதிச்ச தண்ணி வீண்போகக்கூடாது எண்டு.

வீட்டுக்கு வந்து எங்கட கரண்ட் அடுப்பில, கொண்டுபோன அதே பானையை வைச்சன். ரெண்டு பத்தும் ஏழும் ஆகேக்கை, மந்திரத்தில மரண நேரத்திலும் எண்டு வாற இடத்தில நா நிண்டிட்டுது. உங்களுக்குத்தான் தெரியுமே, அந்த இடத்தில எனக்கு நீங்கள் போன வைகாசியில இருந்து நாக்கு நிக்கும். திரும்பிப் பாக்கேக்கை தண்ணி பொங்கி வத்தி, பானை அடிப்பிடிச்சுப் போச்சுது. தண்ணியில என்ன அடிப்பிடிக்க இருக்கெண்டு கேளாதேங்கோ, பிடிச்சுது. கரண்டுக்குப் புள்ளி போடேலாமல் போச்சுது. கண்ணீரை எந்தப் பக்கத்தில எழுதுறது?

அதால பரீட்சையை விட்டுப்போட்டு ஆக்களை வீட்டுக்கே கூப்பிட்டன். புஷ்பராணி வேலை முடிஞ்சு வந்து மொழி பெயர்த்தா. ரெண்டு பேரிட்டையும் அதே ரெண்டு கேள்வியைத்தான் கேட்டன், ஆளுக்கொரு கேள்வி கேட்டால் அது கொம்பேர் இல்லை. முதல் வந்தவன் காஸ்காரன், கழுத்துப்பட்டி கட்டி, படம் போட்ட புத்தகத்தோட. "தனிய இருக்கிற பொம்பிளை விடிய அஞ்சு மணிக்குக் கீழ இறங்கி அடிக்க வேணுமோ?" எண்டு கேட்டன். "அக்கா, இதைப் பிரெஞ்சில எப்பிடிச் சொல்லுறது? பொலிஸைக் கூப்பிடப் போறான்" எண்டா புஷ்பராணி. கடைசியில சொன்னா, அவனும் சிரிச்சுக்கொண்டு, ஒருத்தரும் இறங்கத் தேவையில்லை மதாம் எண்டான். ரெண்டாவது கேள்வி, "தொண்ணூத்தெட்டாம் ஆண்டு தை மாசம் ஐஸ் மழை பெய்து கரண்ட் போனதே, அப்பிடி வந்தால் உன்ர காஸ் என்ன செய்யும்?" அவன் புத்தகத்தைப் பிரட்டினான். பேந்து மெதுவாச் சொன்னான், காஸ் வரும் மதாம், ஆனால் சூட்டை வீட்டுக்குள்ள ஊதுற மோட்டர் கரண்டில ஓடுறது எண்டு. "அப்ப கரண்ட் நிண்டால் நீயும் நிப்பாய்?" "ஓம் மதாம்." முத்தர், நான் கதிரையில நல்லாச் சாஞ்சிருந்தன். புஷ்பராணி என்னைப் பாத்த பார்வையை நீங்கள் காணேல்லை.

பிறகு கரண்ட் பேர்னஸ் பூட்டுறவன் வந்தான், சப்பாத்து முழுக்கச் சேறு, வாசலிலயே கழட்டிப்போட்டுக் காலுறையோட வந்தவன். அதே ரெண்டு கேள்வி. கீழ இறங்கத் தேவையில்லை எண்டு அவனும் சொன்னான், ரெண்டாவதுக்கு, "கரண்ட் நிண்டால் நானும் நிப்பன் மதாம், அதில ஒளிக்க ஒண்டுமில்லை" எண்டான். விலையும் கிட்டத்தட்ட ஒண்டுதான். காஸுக்கெண்டால் றோட்டில இருந்து புதுசாக் குழாய் இழுத்து, சுவரில புகைக்கு ஓட்டை போட வேணுமாம், நீங்கள் பெயின்ற் அடிச்ச சுவரில. எப்பிடியும் கரண்டை நம்பித்தான் நிக்க வேணுமெண்டால், நடுவில இன்னொருத்தன் என்னத்துக்கு? பல்ப் கீறின பக்கத்தில பெரிசா ஒரு சரி போட்டன். கையெழுத்தை முழுப்பேரில வைச்சன், கொன்சிலியா சவிரிமுத்து, எழுத்து ஒண்டும் விடாமல். அந்த ஐஸ் மழைக்கு உங்கட செருப்படியும் பலிக்கேல்லைத்தானே. "பக்கத்து வீட்டிலயும் சூடில்லை, அதுக்கு மரியாதை குடுத்து நிக்குது" எண்டு சொல்லிப்போட்டு, கோயில் ஹோலுக்குப் படுக்கப் போனனீங்கள்.

டனிஸ்ரனுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னன். முழுக்கக் கேட்டான். பேந்து, "அம்மா, எனக்கும் இஞ்சை ஒருக்காக் கொம்பேர் பண்ணித் தருவீங்களோ?" எண்டு கேட்டான். வீட்டை விக்கிற கதை அதோட முடிஞ்சுது. நாளைக்கு வெள்ளிக்கிழமை புதுசு பூட்ட ஆள் வருது, பழசையும் அவங்களே கழட்டிக்கொண்டு போவினம். ஞாயிறு பூசை முடிய இந்தக் கடிதத்தை உங்கட கல்லறையில மெழுகுதிரிக்குக் கீழ வைப்பன்.

மோட்சத்துச் சம்மனசுகளுக்கும் தெரிஞ்ச ஆக்களுக்கும் என்ர சுகத்தைச் சொல்லுங்கோ. உங்கட அம்மா அங்கைதானே, "இவளுக்கு ஒரு அலுவலும் தெரியாது" எண்டு சொல்லிச் சொல்லியே கண்ணை மூடினவ. மாமிக்கு இந்தக் கடிதத்தை ஆறுதலா, பலமா, ரெண்டு தரம் வாசிச்சுக் காட்டுங்கோ. ஆண்டவர் உங்களை நிழலிலயும் என்னைச் சூட்டிலயும் வைச்சிருக்கட்டும்.

இப்படிக்கு,
கையெழுத்து வைக்கப் பழகின உங்கட
கொன்சி

பி.கு.: ஒட்டின கடிதத்தை உடைச்சு வெள்ளிக்கிழமை பின்னேரம் எழுதுறன். காலமை பூட்டுறவன் வந்தான், புஷ்பராணியும் லீவு போட்டுப்போட்டு வந்தவ. அவன் பழைய பேர்னஸைக் கழட்ட முதல் குனிஞ்சு, கீழ ஒரு மூலையில ஒரு சின்னச் சிவப்புப் பொத்தானைப் பெருவிரலால அமத்தினான். "டுப்" எண்டுது. எழும்பி ஓடத் தொடங்கிச்சுது, குமரி மாதிரி. "இதுக்கு ஒண்டுமில்லையே மதாம், இடைக்கிடை நிக்கும், இந்தப் பொத்தானை அமத்தினால் சரி. இதை அமத்தத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்டில இருந்திருப்பார்தானே?" எண்டு கேட்டானாம். புஷ்பராணி மொழி பெயர்த்துக்கொண்டே படியில இருந்து சிரிச்சா, சிரிச்சுக்கொண்டே அழுதா. கழட்டவோ விடவோ எண்டு அவன் கேட்டுக்கொண்டு நிக்கிறான். ஓடுற பேர்னஸை எந்த விசரி கழட்டுவாள்? நான் கழட்டச் சொன்னன். அது வீட்டிலயே இருந்தால் ஒருநாள் எமிலியானுஸ் அண்ணைக்கும் கோயிலுக்கும் அந்தப் பொத்தான் தெரியவரும், உங்கட கையைப் பற்றி அப்பிடியெல்லாம் பேசின பிறகு நான் அதை விடுவனோ? ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு புஷ்பராணியை வேளாங்கண்ணி மாதா படத்தில சத்தியம் பண்ண வைச்சிருக்கிறன்.

ஆனால் பேர்னஸை அங்கால நகர்த்தேக்கை, அதுக்குப் பின்னால ஒரு மடிக்கிற கதிரை இருந்தது. கதிரையில என்ர பச்சைக் குஷன், இருந்து இருந்து நடுவில குழி விழுந்து. அதைப் புஷ்பராணியும் பாத்தா, நான் அவவைப் பாக்கேல்லை, அஞ்சு வருசத்து விரல் நுனிக்கு இந்த ஞாயிறு முழுக்கையையும் குடுக்க வேணும். அவங்கள் போன பிறகு அந்தக் கதிரையில நானும் கொஞ்ச நேரம் இருந்து பாத்தன். முன்னால சுவர்தான். முத்தர், பொத்தானை அமத்த ஒரு நிமிசமும் வேண்டாம், மூண்டு செருப்படிக்கு அரை நிமிசம், அது எனக்குக் கேக்கத்தான் எண்டு இப்ப விளங்குது. மிச்ச நேரம் முழுக்க, பதினாலு மாரியா, இதில தனிய இருந்து என்ன யோசிச்சுக்கொண்டிருந்தனீங்கள்?