இருநூற்றுப் பத்தொன்பது பொன்னுமணிகள்

எண்ணத் தெரிந்தவனுக்கு வாசிக்கவும் தெரிய வேண்டும் என்பதை அறுபத்தாறு வயதில்தான் கற்றுக்கொண்டேன், பாறசாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில். கல்யாணம் என் மகளுடையது.

எங்கள் பக்கத்தில் தாலி கட்டி முடிந்ததும் சாப்பாட்டு ஹாலின் வாசலில் ஓர் இடி, அதாவது தள்ளுமுள்ளு, நடக்கும். (கதவு திறந்த பதினொரு நொடியில் ஒரு நாற்காலி மிஞ்சாது. எண்ணியிருக்கிறேன்.) குளத்தூர் சம்பந்தி முன்பே சொல்லிவிட்டார்: "இடி பிடிச்சு உண்ண நம்மளால ஆவாது. மரியாதைக்கு ஒரு கசேர இல்லேன்னா மாப்பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிருவேன், கேட்டேளா?"

எனவே நானே ஒரு வெப்சைட் எழுதினேன். முதல் பக்கத்தில் பெயர், அடுத்த பக்கத்தில் எத்தனை பேர். அத்தனை நாற்காலிகளில் அந்தப் பெயர்ச் சீட்டு ஒட்டப்படும். ஓய்வுபெற்ற பின் இணையத்தில் பதினேழு வகுப்புகளில் கற்ற வித்தை. அதில் பன்னிரண்டாவது, செஷன் என்ற ஏதோ ஒன்றைப் பற்றியது. அன்று தேங்காய் வெட்ட ஆள் வந்ததால் விட்டுவிட்டேன். (பதினேழில் ஒன்றுதானே!) தனியாக உட்கார்ந்து நாற்பத்தேழு தடவை சோதித்தேன். நாற்பத்தேழும் சரி.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போட்டேன். எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். அதியன்னூரில் தனியாக வாழும் என் மச்சினன் பொன்னுமணி, பெயர் பதிந்ததோ என்ற சந்தேகத்தில், மற்றவர்கள் பதிந்துகொண்டிருந்த அரைமணி நேரமும் முதல் பக்கத்திலேயே நின்று தன் பெயரையே அடித்து அடித்து அழுத்தினாராம்.

கல்யாணத்தன்று காலை அச்சான சீட்டுகள் வந்தன. இரண்டு தடவை எண்ணினேன். இருநூற்றுப் பத்தொன்பது, கச்சிதம். எண்ணினேன், வாசிக்கவில்லை. அவற்றை ஒட்டிய பரிமாறும் ஆட்களோ, மாப்பிள்ளையின் பெயர் பொன்னுமணி என்று நினைத்துக்கொண்டார்களாம்.

கதவு திறந்தது. சம்பந்தி முதல் நாற்காலியைப் பார்த்தார். அடுத்ததை. அதற்கடுத்ததை.

"எனக்க கசேர எங்க ஓய்? இந்தப் பொன்னுமணி ஆரு?"

நான் மேடைக்கு ஓடினேன். மகள் மாலையும் கழுத்துமாக என் போனை வாங்கி, நான் எழுதியதைப் பார்த்தாள். அவள் கம்ப்யூட்டர் படித்தவள்.

"அப்பா, வாறவங்க பேரை செஷன்ல வைக்கணும். அது ஆளுக்கொரு தண்ணி கிளாஸ். நீங்க குளோபல் வேரியபிள்ல வச்சிருக்கீங்க. அது ஒரே கிளாஸாக்கும், ஊரே வாய் வச்சாச்சு. கடைசியா குடிச்சவரு மாமா."

"நாற்பத்தேழு தடவை சரியா வந்துதே மக்களே?"

"நீங்க ஒருத்தர்தானே குடிச்சீங்க!"

திரும்பி வந்தபோது சம்பந்தி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். பின்னாலேயே மாப்பிள்ளையும், ஒரு கால் செருப்போடு. அந்த நேரம் பார்த்து பொன்னுமணி ஹாலுக்குள் வந்தார். எந்தக் கல்யாணத்திலும் கடைசிப் பந்தியில் ஓரத்து இலை கிடைக்கிற மனிதர். சீட்டுகளைப் பார்த்ததும் கண் கலங்க, மச்சானான என்னிடம் திரும்பினார்.

"அளியா, இம்புட்டும் எனக்கா? நான் ஒருத்தனாக்குமே வந்தேன்!"

பிறகு வீட்டுக்காரரைப் போல சம்பந்தியின் கையைப் பிடித்தார். "வாரும், இரியும். நம்ம கசேரதான். எது வேணுமோ எடுத்துக்கிடும்."

சம்பந்தி ஹால் முழுவதையும் ஒரு முறை பார்த்தார். வாய் கோணியது. சிரித்துவிட்டார். செருப்பு கழன்றது, ஒன்றரை ஜோடி.

இப்போதும் குளத்தூரிலிருந்து போன் வந்தால் எடுத்ததும், "ஹலோ, பொன்னுமணியாக்கும்" என்கிறார் சம்பந்தி. மாப்பிள்ளையும் அப்படியே. அசல் பொன்னுமணியும் அப்படித்தான் ஆரம்பிப்பார். நான்தான் ஒவ்வொரு தடவையும் கேட்டாக வேண்டியிருக்கிறது:

"எத்தனாவது பொன்னுமணி?"