முன்ரூமுக்கு வந்த பேய்

கடத்தூரில் பேய்க்குப் பயப்படாத ஆண்பிள்ளை ஒருவன் உண்டென்றால் அது நான்தான். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

பெயர் ஸ்தனிஸ்லாஸ். கரண்ட் ஆபீசில் வேலை. கம்பத்தில் ஏறுகிறவர்களைக் கீழே நின்று அதட்டுகிற தைரியமான உத்தியோகம். பி.யூ.சி. படித்தவன். அதில் இங்கிலீஷ் மட்டும் பாஸ்.

அந்த இங்கிலீஷை வீணாக்காமல் காப்பாற்றி வருவது வீடியோ. நம் ஜனங்கள் டெக் வாடகைக்கு எடுத்தால் என்ன பார்க்கிறார்கள்? சாமி படம். இல்லாவிட்டால் அழுகைப் படம். நான் அப்படியில்லை. எனக்குப் பேய் வேண்டும், கொலை வேண்டும், அடிதடி வேண்டும். மலைமேல் ஒரு பங்களா இருக்க வேண்டும். அதன் கதவு தானாகத் திறக்க வேண்டும். வேலைக்காரனுக்கு ஒரு கண் இருக்கக் கூடாது. பறக்கிற வௌவாலைக் கட்டிய கயிறு தெரியும்தான். தெரிந்த பிறகும் லேசாகத் திடுக்கிட வேண்டும். அது படம் எடுத்தவனுக்கு நாம் செய்யும் மரியாதை.

இப்படிப்பட்ட ரசிகனான நான் ஒரு தீர்மானம் செய்தேன். இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் என் வீட்டு முன்ரூம் ஒரு தியேட்டர். படம் நான் எடுத்து வருவேன். இங்கிலீஷ் வசனத்துக்குத் தமிழில் அர்த்தமும் நானே சொல்வேன். தெருவே வந்து தெரிந்துகொள்ளட்டும்.

தீர்மானத்தை என் மனைவி புஷ்பமேரியிடம் அறிவித்தேன்.

“முன்ரூமுல தையல் மிசினு போடணும்னு எத்தினி நாளா சொல்லிக்கிட்டு இருக்கறேன்?” என்றாள்.

“மிசினுதான் சமையக்கட்டுல இருக்குதே?”

“இருக்குது. அடுப்புக்குப் பக்கத்துல இருக்குது. தெச்சுக் குடுத்த ஜாக்கெட்டுல தாளிச்ச வாசம் வருதுங்கறாங்க. தையல் கத்துக்க அஞ்சாறு புள்ளைங்க வரேன்னு நிக்கறாங்க. அதுங்கள எங்க ஒக்கார வெப்பேன்? அம்மிக்கல்லு மேலயா?”

“உனக்குத் தையல் பெருசு. எனக்குக் கலை பெருசு.”

“பேய்ப் படம் கலைங்களா?”

“பேய்ப் படம் வீரம்!”

“உங்களுக்கா?”

அந்த ஒரே ஒரு வார்த்தைதான் எனக்குச் சுருக்கென்றது.

“என்னா உங்களுக்கா? நான் எப்ப பயந்தேன்?”

“போன மழையில பரண்மேல பூனை உருண்டுச்சு. யாரு என்னை எழுப்புனது?”

“நீ பயந்திருப்பேன்னு எழுப்புனேன்.”

“நான் தூங்கிக்கிட்டு இருந்தேங்க.”

“தூக்கத்துல பயந்திருப்பே.”

புஷ்பமேரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே நின்றாள். அவள் கையைத் துடைத்தால் பேச்சு முடிவுக்கு வருகிறது என்று அர்த்தம்.

“செரி. ஒரு பேய்ப் படம் எடுத்துட்டு வாங்க. முழுசாப் பாருங்க. நடுவுல எந்திரிக்கக் கூடாது. கண்ண மூடக் கூடாது. என் பேரச் சொல்லிக் கூப்புடக் கூடாது. ஜெயிச்சுட்டா முன்ரூமு உங்களுக்கு. தோத்துட்டா மிசினுக்கு. மாதா படத்து முன்னால சொல்லுங்க.”

மாதா படத்துக்கு முன்னால் நின்று, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். எழுந்திருக்காமல் இருப்பது எனக்குப் பிறவியிலேயே வரும். கண் மூடாமல் இருப்பதும் சுலபம். பெயர் விஷயத்தில்தான் கொஞ்சம் பழக்கம் தேவைப்பட்டது.

எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பூசையில் என் பெயர்கொண்ட புனிதரை வேண்டச் சொன்னால்கூட, “எங்க வூட்டுக்காரர் பேருள்ள புனிதரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்கிறவள் புஷ்பமேரி. நான் அப்படியில்லை. துண்டு எங்கே? புஷ்பமேரி. சட்டைப் பித்தான் எங்கே? புஷ்பமேரி. சொம்பு காலடியில் இருக்கும், அதற்கும் புஷ்பமேரி. இந்தப் பழக்கத்தை ஒரு படம் ஓடுகிற நேரம் அடக்க முடியாதா? கரண்டையே அடக்குகிறவன் நான்.

வீடியோ கடை பச்சியப்பனிடம் சொல்லி வைத்தேன். சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு டி.வி.யும் டெக்கும் வந்துவிட வேண்டும். கூடவே இரண்டு கேசட். ஒன்று பேய். இன்னொன்று சண்டை, பேயில் ஜெயித்த பிறகு கொண்டாட்டத்துக்கு.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். முன்ரூம் மேஜைமேல் பெட்ஷீட் போர்த்தி எல்லாம் தயாராக இருந்தது. தெருப் பெண்கள் நான்கைந்து பேர் அப்போதுதான் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

“இப்பத்தான் எறக்கி வெச்சுட்டுப் போறான்,” என்றாள் புஷ்பமேரி.

டி.வி.யின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. பச்சியப்பன் வெயிலில் தட்டுவண்டியில் தள்ளி வந்திருப்பான். பிறருக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. கரண்ட் ஆபீசில் இருப்பதால் எனக்குத் தெரிகிறது.

மறுநாள் பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்தது. ஜன்னல்களுக்குக் கம்பளி வைத்து நானே ஆணி அடித்தேன். ஓட்டு இடுக்கில் விழுந்த வெளிச்சத்துக்குச் சாக்கைச் செருகினேன். கதவைச் சாத்தியதும் பட்டப்பகலில் என் கை எனக்கே தெரியவில்லை. தர்மபுரியில் காசு வாங்குகிற தியேட்டரில்கூட இப்படி ஓர் இருட்டு கிடையாது.

சாட்சிக்குப் பக்கத்து வீட்டு மாரப்பன் வந்தான். லாரி ஓட்டுகிறவன். தொப்பூர் கணவாயில் தனியாக வண்டி ஓட்டுகிற தைரியசாலி. அவன் மனைவி சாலம்மாளும் இன்னும் சில பெண்களும் புஷ்பமேரியோடு பின்வரிசையில் தரையில் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு முறத்தில் அவரைக்காய்.

“பேய்ப் படத்துக்கு அவரைக்காயா?” என்றேன்.

“கை சும்மாதான இருக்குது,” என்றாள் சாலம்மாள்.

கேசட்டை உள்ளே தள்ளினேன். படம் வரவில்லை. கடைசிவரை ஓடி நின்றிருந்தது. ரீவைண்ட் செய்யாமலே கொடுத்திருக்கிறான் பச்சியப்பன்! தொழிலில் ஒரு ஒழுங்கு வேண்டாமா? அவனை நாலு வார்த்தை திட்டிக்கொண்டே சுற்ற விட்டேன். பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

படம் ஆரம்பித்தது. காப்பிக்குக் காப்பி எடுத்த கேசட். எல்லோருடைய முகமும் பச்சையாக இருந்தது. பேய் யார், மனிதர் யார் என்று கண்டுபிடிக்க என் இங்கிலீஷ் தேவைப்பட்டது.

“மலைமேல இருக்கறது மீசைக்காரன் பங்களா. பக்கத்துல நிக்கறவ அவனோட ரெண்டாவது சம்சாரம். மாடிப்படியில வெள்ளையா வர்றது, செத்துப்போன மொத சம்சாரம். பேயி!” என்று விளக்கினேன்.

“அப்படீங்களா?” என்றாள் புஷ்பமேரி, மிகுந்த மரியாதையோடு.

கதவு படாரென்று திறந்தது. மாரப்பன் குதித்தான். நானும் அவனுக்குத் துணையாகக் குதித்தேன். ஆனால் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே குதிப்பதை நிபந்தனை தடுக்கவில்லை. பெண்கள் மட்டும் அசையவில்லை. கதவு திறப்பதற்கு ஒரு கணம் முன்பே சாலம்மாள் முறத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். இங்கிலீஷ் புரியாதவர்களுக்குப் பயம் எப்படி வரும்?

தொண்டை வறண்டது. வாய்வரை அந்தப் பெயர் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

“யாரங்கே! தண்ணி!” என்றேன், ராஜா மாதிரி.

சொம்பு வந்தது. குடித்தேன். ஜெயம் நெருங்கிக்கொண்டிருந்தது.

படத்தில் பங்களாவின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மீசைக்காரன் படியில் நிற்கிறான். மேல்படியில் வெள்ளையாக அது. அவன் வாயைத் திறக்கிறான்...

எங்கள் கரண்ட் போய்விட்டது.

என் இருட்டு. நான் ஆணி அடித்துத் தயார்செய்த இருட்டு.

“அண்ணா,” என்றான் மாரப்பன் மெதுவாக. “ஞாயித்துக்கெழம கரண்ட் கட்டு கெடையாதுன்னீங்களே?”

“கெடையாது. சார்ட்டப் பாத்துட்டுத்தான் வந்தேன்.”

“அப்ப யாருண்ணா அணைச்சது?”

இந்தக் கேள்வியை அவன் கேட்டிருக்கக் கூடாது. லாரி ஓட்டுகிறவனுக்கு ஒரு பொறுப்பு வேண்டும். அவன் இரண்டு கைகளாலும் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். அது பரவாயில்லை. அதே சமயத்தில் சில்லென்று ஈரமாக ஒரு கை என் பிடரியைத் தடவியது. மாரப்பனின் இரண்டு கையும் என் முழங்காலில் இருக்கின்றன. அப்படியானால் இது?

“புஷ்பமேரீ!”

மெயின் ரோட்டில் போய்க்கொண்டிருந்த பஸ் நின்றதாகப் பிறகு சொன்னார்கள். நான் நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தேன். கண்கள் இறுக மூடியிருந்தன. மூன்று நிபந்தனைகளையும் ஒரே மூச்சில் மீறி முடித்துவிட்டேன்.

கண்ணைத் திறந்தேன். திறந்திருக்க வேண்டாம். சமையல்கட்டு வாசலில் வெள்ளையாக ஓர் உருவம். தலையில் முக்காடு. முகவாய்க்குக் கீழே மெழுகுவத்தி. இன்னொரு முறை அதே பெயரைக் கத்தினேன்.

“இங்கதானுங்க இருக்கறேன்,” என்றது உருவம். “எதுக்கு ரெண்டு தடவ?”

பூசைக்கு உடுத்திய வெள்ளைச் சேலையை அவள் இன்னும் மாற்றவில்லை. மெழுகுவத்தி மாதா படத்துக்கு ஏற்றுவது.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. அதற்குள் பச்சியப்பனும் வந்துவிட்டான். பொம்மிடியில் ஒரு கல்யாண வீட்டில் காத்திருக்கிறார்களாம். டி.வி., டெக், கேசட் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனான். பேய்ப் படத்தின் முடிவும் போனது, சண்டைப் படம் மொத்தமும் போனது, என் முன்ரூமும் போனது. மாரப்பன் என் முகத்தைப் பார்க்காமல் போனான். நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இருவருக்குமே அதுதான் நல்லது.

ஆனால் நான் சும்மா இருப்பேனா? பீஸ் கட்டையைக் கழற்றிப் பரிசோதித்தேன். கம்பி எரியவே இல்லை. பக்கத்து வீடுகளில் கேட்டேன். அங்கெல்லாம் கரண்ட் போகவே இல்லை. எரியாத பீஸ் தானாகப் போயிருக்கிறது, தானாக வந்திருக்கிறது. என் சர்வீசில் இப்படி ஒன்று கிடையாது. இதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. டி.வி.யில் பேய் பார்க்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். நிஜப் பேய் நேரில் வந்து பிடரியைத் தடவிய ஒரே ரசிகன் நான்! ஆபீசில் இதைச் சொன்னபோது கம்பம் ஏறுகிறவர்கள்கூட எனக்கு எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். பந்தயத்தில் தோற்றாலும் இந்த ஜில்லாவில் இந்தக் கௌரவம் வேறு யாருக்கு உண்டு?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. முன்ரூமில் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தையல் கற்க வந்த பெண்கள் சுற்றிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலில் இருந்த கம்பளியைக் கழற்றியாகிவிட்டது. நான் சமையல்கட்டில், அடுப்புக்குப் பக்கத்தில், மிஷின் இருந்த இடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

மாரப்பன் கொல்லைப்புறமாக வந்து எட்டிப் பார்த்தான்.

“அண்ணா, ராத்திரில வண்டி ஓட்ட முடியலைங்கண்ணா. அதே நெனப்பாவே இருக்குது. அந்தப் படத்துல கடைசியில மீசைக்காரன் என்னா ஆனான்? பேயி அடிச்சிருச்சா?”

“அடிக்காம விடுமா? மொத சம்சாரத்துப் பேயாச்சே!” என்றேன். “ரத்தம் கக்கிச் செத்திருப்பான்.”

மிஷின் நின்றது.

“சாகலைங்க,” என்றாள் புஷ்பமேரி முன்ரூமிலிருந்து. “பங்களாவ எழுதிக் குடுத்துட்டு ஓடிப்போயிட்டான். அது பேயே இல்லைங்க. மொத சம்சாரமும் இல்லைங்க. இருக்கற சம்சாரந்தான். வெள்ளைத் துணியப் போத்திக்கிட்டு, வேலைக்காரிய வுட்டு வெளக்க அணைக்கச் சொல்லிட்டு, மெழுகுவத்தியோட வந்து நின்னா. அவ்வளவுதாங்க கதை.”

எழுந்து முன்ரூமை எட்டிப் பார்த்தேன். சாலம்மாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குனிந்துகொண்டாள். பீஸ் கட்டை இருக்கும் சுவருக்குப் பக்கத்தில்தான் அன்று அவள் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். பிடரியைத் தடவிய ஈரக் கையும், சொம்புத் தண்ணீர் கொண்டுவந்த புஷ்பமேரியின் கையும் ஒன்றுதான் என்பதும் உறைத்தது.

கோபம் வரவேண்டும். ஆனால் பெருமைதான் வந்தது. ஒரு முழு இங்கிலீஷ் படத்தைத் துளி இங்கிலீஷ் இல்லாமல் புரிந்துகொண்டவள் என் மனைவி! பி.யூ.சி. படித்த எனக்குப் பேய் யாரென்று தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

“நீ எப்ப பாத்தே?”

“சனிக்கெழம காலையிலயே பச்சியப்பன் கொண்டாந்து எறக்கிட்டானுங்க. சாயங்காலத்துக்குக் கல்யாண வேலை இருக்குதுன்னான். நாங்க எல்லாம் ஒக்காந்து ரெண்டு கேசட்டும் பாத்துட்டோம்.”

“சண்டைப் படமுமா?”

“அதுவுந்தாங்க,” என்றாள் புஷ்பமேரி, மிஷின் சக்கரத்தைச் சுற்றிவிட்டபடி. “அதுக்கு இன்னும் வேலை வரலைங்க.”